பட்டியலில் இல்லாத கட்டடங்கள்: சின்சினாட்டி டிராம் தடத்தை முன்வைத்து

கேள்வி இதுதான்: அமெரிக்க நகரம் ஒன்றில் புதிதாக டிராம் விடத் திட்டமிடும்போது, தடத்தின் இருபுறமும் உள்ள வரலாற்றுக் கட்டடங்களை எப்படி அடையாளம் காண்கிறார்கள்? அரசுப் பட்டியலை எடுத்து வரைபடத்தில் குறித்துவிட்டால் வேலை முடிந்துவிடாதா? நம்மைப் போன்ற ஒருவர் தனி ஆளாக இதைச் செய்ய முடியுமா?

பட்டியலை எடுத்துக் குறிப்பது ஒரு மதிய நேர வேலை. அதற்குப் பிறகுதான் உண்மையான வேலையே ஆரம்பம். காரணத்தைப் பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொள்கிறேன்: ஓஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டி. 2016 செப்டம்பரில் அங்கே டிராம் ஓடத் தொடங்கியது. மொத்தம் 3.6 மைல், அதாவது ஏறக்குறைய 5.8 கிலோமீட்டர் சுற்று, 18 நிறுத்தங்கள். ஆற்றங்கரையிலிருந்து மெயின் தெரு வழியே வடக்கே ஏறி, 12ஆம் தெருவில் மேற்கே திரும்பி, எல்ம் தெருவில் மியூசிக் ஹாலைத் தாண்டி ஃபிண்ட்லே சந்தை வரை போகும். திரும்பி வருவது ரேஸ் தெரு, வால்நட் தெரு வழியாக. இவ்வளவு சின்னத் தடத்துக்குள் 19ஆம் நூற்றாண்டின் ஒரு முழு நகரமே அடங்கியிருக்கிறது. ஊர்க்காரர்களோ இந்த டிராம் வேண்டுமா வேண்டாமா என்று 2009-லும் 2011-லும் வாக்கெடுப்பு வரை போய்ச் சண்டை போட்டார்கள். அது வேறு கதை.

முதலில் சட்டம். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கச் சுவாரசியம் இல்லாத பகுதி. 1963-ல் நியூயார்க்கின் பென்சில்வேனியா ஸ்டேஷனை இடிக்க ஆரம்பித்தபோது எழுந்த ஆத்திரமும், நெடுஞ்சாலைகளுக்காக நகரங்களின் வயிற்றைக் கிழித்த வேலைகளும் சேர்ந்து, 1966-ல் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் 106ஆம் பிரிவு சொல்வது: மத்திய அரசின் பணமோ அனுமதியோ ஒரு திட்டத்தில் இருந்தால், அது வரலாற்றுச் சொத்துகளை என்ன செய்யும் என்று முன்கூட்டியே பார்த்தாக வேண்டும். சின்சினாட்டி டிராமுக்கு 2010-ல் கிட்டத்தட்ட 2.5 கோடி டாலர் மத்திய மானியம் கிடைத்தது. பணம் வந்த வழியிலேயே இந்தப் பிரிவும் வந்து சேர்ந்தது. முழுக்க முழுக்கத் தனியார் பணத்தில் யாராவது டிராம் போட்டால், மத்திய அனுமதி எதுவும் தேவைப்படாத பட்சத்தில், இந்தக் கணக்கெடுப்பே சட்டப்படி அவசியமில்லை.

இந்தப் பிரிவில் ஒரே ஒரு சொற்றொடரைக் கவனிக்க வேண்டும். வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில், அதாவது நீங்கள் கேட்ட அரசுப் பட்டியலில், "சேர்க்கப்பட்ட, அல்லது சேர்க்கத் தகுதியுள்ள" சொத்துகள் என்கிறது. உங்கள் கேள்விக்கான பதில் அந்த "அல்லது"க்குள் இருக்கிறது. பட்டியலில் ஏறாத கட்டடமும், ஏறத் தகுதி இருந்தால் ஏறியதற்குச் சமம். பட்டியல் என்பது இதுவரை யாரோ மெனக்கெட்டு விண்ணப்பம் எழுதிய கட்டடங்களின் தொகுப்பு. மெனக்கெட ஆள் இல்லாத கட்டடங்கள் தெருவில் அப்படியே நிற்கின்றன. அவற்றைத் தேடிப் போவதுதான் கணக்கெடுப்பு.

தேடுவதற்கு எல்லை வேண்டுமே? பாதிப்பு எட்டக்கூடிய பரப்பை முதலில் கோடு போட்டு வரைவார்கள். வழக்கமாகத் தண்டவாளத்தின் இருபுறமும் தெருவைப் பார்த்து நிற்கும் முதல் வரிசை மனைகள். நிறுத்தம், மின்சாரத் துணை நிலையம், வண்டிகளை நிறுத்திப் பழுது பார்க்கும் பணிமனை வரும் இடங்களில் கோடு இன்னும் விரியும். புதிதாகச் சேர்பவர்கள் பணிமனையை மறந்துவிடுவது சகஜம். தடத்தில் வருவது தண்டவாளமும் கம்பியும்தான். பணிமனைக்குத்தான் மனை முழுவதையும் எடுப்பார்கள்.

இனி காகிதங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நீட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க நகரங்களுக்கு சான்போர்ன் வரைபடங்கள் என்று ஒரு வரம் உண்டு. 1867-ல் தொடங்கிய சான்போர்ன் நிறுவனம், தீ விபத்துக் காப்பீடு தரும் கம்பெனிகளுக்காக ஊர் ஊராகப் போய்க் கட்டடம் கட்டடமாக வரைந்து விற்றது. அளவு 50 அடிக்கு 1 அங்குலம். செங்கல் கட்டடத்துக்கு இளஞ்சிவப்பு, மரக் கட்டடத்துக்கு மஞ்சள், கல்லுக்கு நீலம், இரும்புக்குச் சாம்பல் நிறம். மூலையில் சின்ன எண் போட்டிருந்தால் எத்தனை மாடி என்று அர்த்தம். வீடா, கடையா, மதுக்கடையா என்பதற்கு ஆங்கில எழுத்துக் குறிகள். குதிரை லாயம் என்றால் குறுக்கே ஒரு பெருக்கல் குறி. எது சீக்கிரம் பற்றி எரியும் என்பதுதான் வரைந்தவருக்குக் கவலை. அந்தக் கவலையால் நமக்குக் கிடைத்தது, எந்த வரலாற்றாசிரியனும் எழுதி வைக்காத அளவுக்கு நுணுக்கமான பதிவு.

இதில் ஒரு வேடிக்கை. ஊரில் கட்டடங்கள் மாறும்போதெல்லாம் புதுப் புத்தகம் அச்சடிக்காமல், திருத்தத் துண்டுகளை அனுப்பிப் பழைய தாளின் மேலேயே ஒட்டச் செய்தார்கள். ஒரு மனையின் மீது இரண்டு மூன்று துண்டுகள் ஏறியிருக்கும். மூல நூலைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பிடித்தால் தாளின் தடிப்பு விரலுக்குத் தெரியும். அந்த மனையில் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். கணினித் திரையில் பார்க்கும் நகலில் இது தெரியாது. வெவ்வேறு ஆண்டின் தாள்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். மஞ்சளாக இருந்த மனை அடுத்த பதிப்பில் இளஞ்சிவப்பாகிவிட்டால், மரவீடு போய் அந்த இடைவெளியில் செங்கல் கட்டடம் வந்துவிட்டது. கட்டிய ஆண்டு இதிலிருந்து ஐந்து பத்து ஆண்டு இடைவெளிக்குள் அகப்பட்டுவிடும்.

சொத்து வரிப் பதிவேட்டில் கட்டிய ஆண்டு போட்டிருக்குமே என்பீர்கள். பழைய கட்டடங்களைப் பொறுத்தவரை அதை நம்பவே நம்பாதீர்கள். ஒரு தெருவே 1900-ல் கட்டப்பட்டதாகப் பதிவேடு சொன்னால், "எங்களுக்குத் தெரியாது, பழசு" என்று எழுத்தர் எழுதியிருக்கிறார் என்று படித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ஆள் பெயர் விலாசப் புத்தகங்கள். சின்சினாட்டியில் வில்லியம்ஸ் என்ற பெயரில் ஆண்டுதோறும் வந்தன. எந்த வீட்டில் யார், என்ன தொழில் என்பது வரை இருக்கும். இதில் இரண்டு கண்ணிகள். ஒன்று, வீட்டு எண்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மாற்றப்பட்டன. அதற்கு முந்தைய புத்தகத்தில் இன்றைய எண்ணைத் தேடினால் வேறு கட்டடத்துக்குப் போய்ச் சேருவீர்கள். இரண்டு, தெருவின் பெயரே மாறியிருக்கலாம். ரேஸ் தெருவுக்கு அடுத்திருக்கும் ரிபப்ளிக் தெரு 1918 வரை பிரெமன் தெரு. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஜெர்மன் பெயர் எதுவும் காதில் விழக்கூடாது என்று நகரசபை ஒரு டஜனுக்கு மேற்பட்ட தெருக்களின் பெயரைத் துடைத்தெறிந்தது.

அத்தனை ஜெர்மன் பெயர்கள் அங்கே எப்படி வந்தன? டிராம் தடத்தின் வடபாதி ஓடும் பேட்டையின் பெயரே "ரைனுக்கு அப்பால்". நகர மையத்துக்கும் அந்தப் பேட்டைக்கும் நடுவே மயாமி ஈரி கால்வாய் ஓடியது. அந்தப் பக்கம் குடியிருந்த ஜெர்மானியர்களால் கால்வாய்க்குக் கேலியும் ஏக்கமுமாக ஒட்டிய பெயர், தங்கள் தாய்நாட்டு ஆறான ரைன் நதி. கால்வாய் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. இந்தப் பேட்டை 1983-ல் தேசியப் பதிவேட்டில் ஒரு முழு வட்டாரமாகவே ஏறியது. 2006-ல் அமெரிக்காவில் அழியும் ஆபத்திலுள்ள 11 வரலாற்று இடங்களில் ஒன்றாகவும் அறிவிக்கப்பட்டது.

சரி, காகிதத்தை மூடிவிட்டுத் தெருவில் இறங்குவோம்.

மியூசிக் ஹாலை அடையாளம் காண நிபுணர் தேவையில்லை. சாமுவேல் ஹன்னஃபோர்ட் வடிவமைத்து 1878-ல் திறந்த அந்தச் செங்கல் மலை, தானே தன்னை அறிவித்துக்கொள்ளும். 1855-ல் திறந்த, இரும்புச் சட்டத்தில் நிற்கும் ஃபிண்ட்லே சந்தையும் அப்படித்தான்; ஓஹாயோவில் இடைவிடாமல் நடந்துவரும் சந்தைகளில் மிகப் பழையது. இவற்றுக்காக ஒரு மணி நேரம் செலவிட்டாலே அதிகம். நேரம் செல்ல வேண்டியது இவற்றுக்கு நடுவே தோளோடு தோள் ஒட்டி நிற்கும் மூன்று மாடி, நான்கு மாடி வீடுகளில். ஒடுங்கிய, உயரமான முகப்பு. நீண்ட ஜன்னல்கள், மேலே கல்லாலோ தகரத்தாலோ புருவம் போன்ற வளைவு. உச்சியில் தாங்கு கட்டைகளோடு பிதுங்கி நிற்கும் அலங்கார விளிம்பு, அதாவது கார்னிஸ். தரைத்தளத்தில் கடை, மேலே குடித்தனம். ஓரத்தில் தனியாக ஒரு கதவு இருந்தால், அது வீட்டுக்குள் போகும் கதவு என்று நினைத்துவிடாதீர்கள். கட்டடத்தைத் துளைத்துக்கொண்டு பின்முற்றத்துக்குப் போகும் சந்துக்கான கதவாக இருக்கும்; மாடிப்படி பின்னால் இருக்கும். அதே மனையின் பின்கோடியில் இன்னொரு குட்டிக் கட்டடமும் நிற்கலாம். தெருவிலிருந்து படம் எடுத்துப் போகிறவருக்கு அது தெரியவே தெரியாது. சான்போர்ன் தாளைக் கையில் வைத்திருப்பவருக்குத் தெரியும்.

கடை முகப்பைப் பார்க்கும்போது குனியுங்கள். தரைத்தளத் தூண்கள் வார்ப்பிரும்பாக இருந்தால், அடிப்பாகத்தில் முழங்கால் உயரத்தில் வார்ப்பகத்தின் பெயர் புடைத்திருக்கும். பத்துப் பூச்சு பெயின்ட்டுக்கு அடியில் எழுத்து மங்கியிருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் நிழலில் எழுந்து நிற்கும். அந்த வார்ப்பகம் எந்த ஆண்டுகளில் அந்தப் பெயரில் நடந்தது என்று விலாசப் புத்தகத்தில் பார்த்தால், முகப்பின் வயது கிடைத்துவிடும். முகப்பின் வயது என்றுதான் சொல்கிறேன், கட்டடத்தின் வயது என்று சொல்லவில்லை. கடைக்காரர்கள் அந்தக் காலத்திலும் முகப்பை மாற்றிக்கொண்டேதான் இருந்தார்கள். பிறகு நிமிர்ந்து இரண்டாம் மாடி உயரத்தைப் பாருங்கள். தகட்டிலிருந்து துருப்பிடித்த கொக்கி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால், அது பழைய டிராமின் மின்கம்பியை இழுத்துக் கட்டியதாக இருக்கலாம். சின்சினாட்டியில் பழைய டிராம் 1951 வரை ஓடியது. மற்ற ஊர்களில் மேலே ஒரு கம்பி என்றால் இங்கே இரண்டு. தண்டவாளம் வழியே மின்சாரம் திரும்பினால் லைனில் இரைச்சல் வருகிறது என்று தொலைபேசிக் கம்பெனி முறையிட்டதன் விளைவு. புதிய டிராமின் கம்பி பேட்டையின் தோற்றத்தைக் கெடுக்கும் என்று ஒருவர் வாதிட்டால், அந்தக் கொக்கியே ஓரளவு பதில் சொல்லிவிடும்.

12ஆம் தெருவும் வால்நட் தெருவும் சந்திக்கும் மூலையில் கொஞ்சம் நில்லுங்கள். ஜெர்மானியர்களின் காப்பீட்டுக் கழகம் ஒன்றுக்காக 1877-ல் எழுந்த ஜெர்மானியா கட்டடம் அது. முகப்பில் ஒரு பெண் சிலை. ஜெர்மனியின் உருவகமான ஜெர்மானியா அவள். போர்க் காலத்தில் ஜெர்மன் எதிர்ப்பு ஊரெங்கும் பரவியபோது சிலையை யாரும் இறக்கவில்லை. கொலம்பியா என்று அமெரிக்கப் பெயர் சூட்டி அப்படியே நிறுத்திக்கொண்டார்கள். பிரெமன் தெருவுக்கு நேர்ந்ததே இவளுக்கும். கட்டடத்தைக் கலை அழகுக்காக மட்டும் குறித்துக்கொண்டு போகிறவர் இந்தப் பாதியைத் தவறவிடுவார்.

தேசியப் பதிவேட்டின் அளவுகோல்கள் நான்கு. பெரிய வரலாற்றுப் போக்கோடு தொடர்பு, முக்கியமானவரின் வாழ்க்கையோடு தொடர்பு, வடிவம் அல்லது கட்டுமான முறையின் சிறப்பு, மண்ணுக்கடியிலிருந்து தகவல் தரும் வாய்ப்பு. ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும், கூடவே கட்டடம் தன் பழைய தன்மையை இழக்காமல் இருக்க வேண்டும். கட்டடக்கலை படித்தவர்களுக்கு மூன்றாவதன் மேல்தான் கண் போகும். என் அனுபவத்தில் சாதாரணத் தெருக்களைக் காப்பாற்றுவது முதல் அளவுகோல். ஜெர்மானியர்களுக்குப் பின் அந்தப் பேட்டைக்கு அப்பலாச்சிய மலைநாட்டு ஏழைகள் வந்தார்கள், பிறகு கறுப்பின மக்கள். பக்கத்திலிருந்த வெஸ்ட் எண்ட் பகுதியில் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் 1950களின் இறுதியிலிருந்து வீடுகளை இடித்து, 25,000-க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பலர் ஒதுங்கியது இந்தப் பேட்டையில்தான். 1890-ஓடு வரலாறு முடிந்துவிட்டதாக எழுதும் கணக்கெடுப்பு, பாதிக் கணக்கெடுப்பு.

வயதுக்கு 50 ஆண்டு என்பது பொதுவான வரம்பு. அனுபவசாலிகள் 45 ஆண்டிலேயே கோட்டைப் போட்டுவிடுவார்கள். திட்டம் இழுத்தடித்துக் கட்டி முடிவதற்குள் அந்தக் கட்டடங்களும் 50-ஐத் தொட்டுவிடுமே! நவீன பாணிக் கட்டடங்களை, "நம் அப்பா காலத்தது, இதுவா வரலாறு?" என்று தள்ளிவிடும் மனோபாவம் எல்லா ஊரிலும் உண்டு. தடத்திலிருந்து ஓரிரு தெரு தள்ளி நிற்கும் டெரஸ் பிளாசா ஹோட்டல் 1948-ல் திறந்தது. 2017-ல்தான் தேசியப் பதிவேட்டில் ஏறியது.

இதுவரை தரைக்கு மேலே. டிராமுக்குத் தோண்டும்போது வம்பு கீழேதான் காத்திருக்கும். பழைய கடைத் தெருக்களில் கட்டடத்தின் நிலவறை, சுவரோடு நிற்காமல் நடைபாதைக்கு அடியிலும் நீண்டிருக்கும். மேலே நடைபாதைக் கல், கீழே வெற்றிடம், நடுவே சில அடி வளைவுக் கூரை. சட்டப்படி அது யாருடையது என்பதே தகராறாக இருக்கும். நடைபாதையில் கண்ணாடிக் குமிழ்கள் பதித்த இரும்புச் சட்டமோ, நிலக்கரி கொட்டும் வட்ட மூடியோ கண்ணில் பட்டால், உடனே கட்டட உரிமையாளரைக் கேட்டு நிலவறைக்குள் இறங்கிப் பார்த்துவிட வேண்டும். இந்தப் பேட்டையில் இதற்கும் மேலே போய், பீர் காய்ச்சியவர்கள் அதைக் குளிர்ச்சியில் ஊறப்போட வெட்டிய ஆழ்ந்த சுரங்க அறைகள் வேறு இருக்கின்றன.

பழைய கால்வாய் என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. அதை வற்றவைத்து, 1920-ல் அதன் படுகையில் சுரங்க ரயில் பாதை கட்டத் தொடங்கினார்கள். போருக்குப் பிந்தைய விலையேற்றத்தில் பணம் தீர்ந்தது, ஒரு பயணிகூட ஏறாமலே திட்டம் நின்றது. மேலே 1928-ல் சென்ட்ரல் பார்க்வே சாலை திறந்தது. சுரங்கமும் நிலையங்களும் இன்றும் அடியில் இருக்கின்றன. ரேஸ் தெருவில் இறங்கி வரும் டிராம் பார்க்வேயைத் தொடும் இடத்தில், ஓடாத ரயிலின் நிலையம் ஒன்று கீழே கிடக்கிறது. எல்ம் தெருவில் மியூசிக் ஹாலுக்கு எதிரே இருக்கும் வாஷிங்டன் பூங்கா ஒரு காலத்தில் இடுகாடு. மியூசிக் ஹாலின் அடிமனை ஏழைகளைப் புதைத்த இடம். 1870களில் அடித்தளம் தோண்டியபோதும், அதற்குப் பின் பலமுறையும் எலும்புகள் கிடைத்தன. நான்காவது அளவுகோல் எதற்கு என்று இங்கே புரியும்.

கட்டடங்களைக் குறித்த பிறகு, டிராம் அவற்றை என்ன செய்யும் என்ற கேள்வி. ஓடும் டிராமின் அதிர்வால் சுவர் இடிந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் அதிகம். பயப்பட வேண்டியது தடம் போடும் மாதங்களில். மத்தியப் போக்குவரத்துத் துறையின் கையேட்டின்படி, எளிதில் சேதமாகக்கூடிய பழங்கட்டடத்துக்கு அதிர்வு வேகம் நொடிக்கு 0.12 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. அதே கையேட்டில், தரையை இறுக்கும் அதிரும் ரோலர் 25 அடி தூரத்தில் 0.21 அங்குல அதிர்வைத் தருகிறது. கணக்குப் போட்டால் ரோலர் ஏறக்குறைய 36 அடி, அதாவது 11 மீட்டர் தள்ளி இருந்தால்தான் வரம்புக்குள் வரும். இந்தத் தெருக்களில் முகப்பு நடைபாதையின் விளிம்பிலேயே நிற்கிறது. அவ்வளவு இடம் கிடையாது. ஆகவே அந்த இடங்களில் அதிராத ரோலரைப் பயன்படுத்தச் சொல்ல வேண்டும், அதிர்வுமானி வைக்க வேண்டும். வேலை தொடங்குமுன் ஒவ்வொரு விரிசலையும் படம் எடுத்து, குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டித் தேதி எழுதிவிட வேண்டும். பிறகு வழக்கு வந்தால் இரு தரப்பையும் காப்பாற்றுவது அந்தத் தேதிதான்.

இவ்வளவும் செய்தால் கட்டடம் பிழைத்துவிடுமா? மெயின் தெரு 716-ல் டென்னிசன் ஹோட்டல் இருந்தது. 1892-ல் ஹன்னஃபோர்ட் நிறுவனத்தின் வடிவமைப்பில் எழுந்தது, ஹோட்டலானது பிற்பாடு. பக்கச் சுவரில் "105 அறைகள், 60 குளியலறைகள்" என்று பெரிய எழுத்தில் பழைய விளம்பரம். டிராம் அதன் வாசல் வழியாகத்தான் போகிறது, நகரின் வரலாற்றுப் பகுதி ஒன்றுக்குள்தான் கட்டடம் இருந்தது. உரிமையாளர் இடிக்க அனுமதி கேட்டார். நகரின் வரலாற்றுப் பாதுகாப்பு வாரியம் 2016-ல் மறுத்தது. மேல்முறையீட்டில் அந்த முடிவு புரட்டப்பட்டது. 2017-ல் இடித்துவிட்டார்கள். 106ஆம் பிரிவு கட்டுப்படுத்துவது மத்திய அரசின் பணத்தை. தன் பணத்தில் தன் கட்டடத்தை இடிக்கும் உரிமையாளரை அது ஒன்றும் செய்யாது. அங்கே நகர விதிகள் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான்.

கடைசிக் கேள்வி, தனி ஆளாகச் செய்ய முடியுமா என்பது. முடியும், இரண்டு குறுக்குத் தெருக்களுக்கு நடுவே உள்ள ஒரே ஒரு பிளாக்கோடு ஆரம்பித்தால். ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள்; சரக்கு வண்டிகள் முகப்பை மறைக்காது. எதிர் நடைபாதையிலிருந்து ஒவ்வொரு கட்டடத்துக்கும் நேராக ஒன்று, மூலையிலிருந்து சாய்வாக ஒன்று, கார்னிஸுக்கு ஒன்று, தூணின் அடிக்கு ஒன்று என்று நான்கு படம். கிழக்குப் பார்த்த வரிசையைக் காலையிலும் மேற்குப் பார்த்ததை மதியத்துக்கு மேலும் எடுங்கள். பெயின்ட் அடித்து மறைத்த பழைய எழுத்துகள் சாய்வெயிலில்தான் கண்ணில் படும். மாற்றப்பட்ட ஜன்னல், மூடிய கதவு எல்லாவற்றையும் அங்கேயே எழுதிவிடுங்கள், வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். காலி மனையையும் ஒரு எண் போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே என்ன இருந்தது என்பதை சான்போர்ன் தாள் சொல்லும்.